மழைக்காலமும் பள்ளி வாசலும்: முறை நிற்கும் பெற்றோருக்கு

ஐப்பசி பிறந்துவிட்டது. பள்ளி விடும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டால் வாசல் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். நாலைந்து பெற்றோர் முறை வைத்து நின்றாலே நெரிசல் நன்றாகக் குறையும். ஆனால் இந்த வாரமே தொடங்க வேண்டும்.

முதலில் நம் வண்டிகளை ஒழுங்கு செய்வோம். பிள்ளை நனையக் கூடாதென்று கேட்டை ஒட்டி ஸ்கூட்டரை நிறுத்துகிறோம். பக்கத்தில் இன்னொருவர், அவரை உரசிக்கொண்டு ஒரு ஆட்டோ. நடந்து வருகிற பிள்ளை நடுரோட்டில் இறங்கிச் சுற்றித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. கேட்டின் இருபுறமும் ஐம்பதடிக்கு வண்டி நிற்கக் கூடாதென்று பள்ளி மேலாண்மைக் குழுவிலோ பெற்றோர் ஆசிரியர் கழகத்திலோ பேசி முடிவெடுங்கள். சுண்ணாம்புக் கோடு முதல் மழையிலேயே கரைந்துபோகும். காலி பெயின்ட் டப்பாவில் மணலை நிரப்பிக் கம்பு நட்டு, ஓரத்தில் கயிறு கட்டுங்கள். இரண்டு நாள் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும்.

முறை நிற்பவர் நிறுத்த வேண்டியது பிள்ளைகளைத்தான். ஓடுகிற வண்டியைக் கைகாட்டி மறிப்பது போக்குவரத்துக் காவலரின் வேலை. ஈர ரோட்டில் பிரேக் பிடித்தாலும் வண்டி உடனே நிற்காது. பிள்ளைகளை ஓரத்தில் சேர்த்து வைத்து, இடைவெளி கிடைத்ததும் பத்துப் பத்துப் பேராகக் கூட்டிப் போங்கள். விசில் வேண்டாம், எதற்கு ஊதுகிறோம் என்று யாருக்கும் புரிவதில்லை. ஒளிரும் மேல்சட்டை மட்டும் கட்டாயம் போடுங்கள்.

கடக்கும்போது தேங்கிய தண்ணீரில் ஒரு செருப்பு கழன்று மிதக்கும். பிள்ளை சட்டென்று திரும்பிக் குனியும். நான் நின்ற நாட்களில் மிகவும் பயந்தது இதற்குத்தான். அதனால் வரிசையின் கடைசியில் எப்போதும் ஒரு பெரியவர் வர வேண்டும். செருப்பை அவர் எடுத்துக்கொள்வார் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். குடையை முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடிப்பவர்களையும் கவனியுங்கள், பக்கவாட்டில் வருவது அவர்களுக்குத் தெரியாது. எதிர்ச்சாரியில் மாங்காய், பொரிகடலை விற்கும் தள்ளுவண்டி இருந்தால், பள்ளி இருக்கும் பக்கமே வரச் சொல்லிக் கேளுங்கள். வியாபாரமும் கெடாது, பிள்ளைகள் ரோட்டைத் தாண்டி ஓடவும் மாட்டார்கள்.

தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சின்ன வகுப்புகளைப் பத்து நிமிடம் முன்னதாக விடட்டும். காவலர் வேண்டுமென்று போக்குவரத்து ஆய்வாளருக்கு எழுதும் கடிதத்திலும் அவர் கையெழுத்து இருந்தால் நல்லது. தோண்டிப் போட்ட வடிகால் பள்ளத்தைப் பற்றிப் புகார் கொடுத்துவிட்டு, மூடும்வரை பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பை நட்டு வையுங்கள்.

பள்ளிப் பேருந்தையும் ஒரு நடை பாருங்கள். 2012இல் தாம்பரம் அருகே பேருந்தின் தரை ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன. 2022இல் சென்னையில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்த பிறகு கேமராவும் சென்சாரும் கட்டாயமாயின. உதவியாளர் கீழே இறங்கிப் பிள்ளையைக் கைப்பிடித்து இறக்குகிறாரா, இறங்கிய பிள்ளை பேருந்துக்கு முன்னால் குறுக்கே போகிறதா என்று பாருங்கள். பேருந்து நகர்ந்த பிறகு கடப்பதே வழக்கமாகட்டும்.

இன்னொன்று, நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். பதினெட்டு வயதாகாத மகனிடம் வண்டியைக் கொடுத்தனுப்பினால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. முறை நிற்பவர் வீட்டிலேயே இது நடந்தால் மற்றவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அடிபட்டால் 108ஐ அழையுங்கள். உதவிக்கு ஓடியவரைப் பெயர், முகவரி சொல்லும்படி சட்டப்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

காலைக்கு ஆள் கிடைத்துவிடும், மாலைக்குத்தான் தட்டுப்பாடு. வேலைக்குப் போகும் பெற்றோர் வாரத்தில் ஒரு மாலையாவது பெயர் கொடுங்கள். தாத்தா பாட்டிகளும் வரலாம்.