கல்லூரிக் கணக்கும் கைப்பேசியும்: முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பதினோரு அறிவுரைகள்

அடி அண்ணாமலையிலிருந்து இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகப் போகும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரி ஆகப் போகிறவர்கள். கையில் ஒரு போன் இருக்கும். சிலரிடம் அரசு கொடுத்த லேப்டாப்பும் இருக்கும். நான் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்தால், "தாத்தா, இது ஓபன் ஆகமாட்டேங்குது" என்று யாராவது ஒரு பிள்ளை போனை நீட்டும். அந்தக் கேள்விகளிலிருந்து பிறந்ததுதான் இந்த வரிசை.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்துவிட்டோம், அது போதும் என்று மூன்று வருடத்தையும் ஓட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். உங்களுக்காக அரசும் கல்லூரியும் பணம் கட்டி வைத்திருக்கும் சேவைகள் அதைவிட எவ்வளவோ பெரியவை. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதைக் காப்பாற்றவும் தெரிய வேண்டும்.

1. முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

கல்லூரி மின்னஞ்சல் உண்டா, வைஃபைக்குப் பயனர் பெயர் தருவார்களா, பாடங்கள் போடுவது கூகுள் கிளாஸ்ரூமிலா மூடுலிலா, நூலகத்தின் இணையச் சேவைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்ற நான்கையும் அலுவலகத்திலும் நூலகத்திலும் கேளுங்கள். கேட்காத பிள்ளைக்கு யாரும் தேடி வந்து கொடுக்கமாட்டார்கள். கல்லூரி மின்னஞ்சல் தராவிட்டால், சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியலும் தெரிகிற மாதிரி ஒரு ஜிமெயில் தொடங்குங்கள். நெட் சென்டர்க்காரர் அவசரத்துக்கு உருவாக்கிக் கொடுத்த முகவரியையே மூன்று வருடமும் வைத்துக்கொள்ள வேண்டாம். அதன் பாஸ்வேர்டு அவருக்கும் தெரியும்.

2. போன் நம்பரை மாற்றாதீர்கள்.

கல்வி உதவித்தொகைக்கும், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கும் உங்கள் விவரம் யுமிஸ் என்ற அரசுத் தளத்தில் ஏறுகிறது. ஆதார், வங்கிக் கணக்கு, தேர்வு விண்ணப்பம் எதுவானாலும் ஓடிபி ஒரு நம்பருக்குத்தான் வரும். புது சிம்முக்கு ஆஃபர் என்று நம்பரை மாற்றினால் எல்லாக் கதவும் ஒரே நாளில் அடைபடும். ஆஃபர் வேண்டுமானால் நம்பரை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றும் வழி இருக்கிறது, அதைக் கேளுங்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடக்கும் பிரீபெய்டு நம்பரை நிறுவனம் முடக்கலாம். பிறகு அது வேறொருவர் கைக்குப் போகும். அப்பா ரீசார்ஜ் செய்யாமல் போட்டுவைத்த பழைய சிம்மோடு உங்கள் ஆதார் இணைந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

3. நூலகத்தை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

இது பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குஜராத்தில் காந்திநகரில் இன்ஃபிளிப்நெட் என்றொரு மத்திய அரசு மையம் இருக்கிறது. அது நடத்தும் என்-லிஸ்ட் சேவையில் சேர்ந்த கல்லூரிகளின் மாணவர்களுக்குத் தனித்தனிப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கிடைக்கும். ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களையும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்னூல்களையும் நம் ஊர் வீட்டிலிருந்தே போனில் படிக்கலாம். அந்தக் கணக்கை உருவாக்கிக் கொடுப்பவர் பெரும்பாலும் உங்கள் கல்லூரி நூலகர்தான்.

அடுத்தது 'ஒரே நாடு ஒரே சந்தா'. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்த திட்டம். 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. ஒரு கட்டுரைக்கே ஆயிரக்கணக்கில் கேட்கும் இதழ்கள் இவற்றில் இருக்கின்றன. உங்கள் கல்லூரி இதில் இருக்கிறதா, வீட்டிலிருந்து நுழைய என்ன வழி என்பதையும் அதே நூலகரிடம் கேளுங்கள்.

கல்லூரிக் கணக்கே தேவைப்படாதவையும் உண்டு. ஐஐடி காரக்பூர் நடத்தும் தேசிய மின் நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகம் இரண்டும் எல்லோருக்கும் இலவசம். தமிழ் இலக்கியம், வரலாறு படிக்கிறவர்கள் தமிழ் மின்நூலகத்தை விடவே கூடாது. போன் திரையில் இந்தத் தளங்கள் குறுகித் தெரிந்தால், பிரவுசர் மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தொடுங்கள்.

4. டேட்டாவைக் கணக்குப் பார்த்துச் செலவழியுங்கள்.

கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு கொடுக்கப்பட்டது. வகுப்பு வீட்டுக்கு வந்தால் செலவும் வீட்டுக்கு வரும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. இப்போது அந்தச் செலவு உங்கள் தலையில். ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களைக் கல்லூரி வைஃபையில் இருக்கும்போதே இறக்கி வையுங்கள். பல பாடங்களுக்குப் பேச்சின் எழுத்து வடிவம் பிடிஎஃப்-ஆகக் கிடைக்கிறது. சிலவற்றுக்குத் தமிழிலும் உண்டு. ஒரு மணி நேர வீடியோ தின்னும் டேட்டாவில் ஒரு பருவத்துக்கான எழுத்துப் படிகளை இறக்கிவிடலாம்.

5. பௌர்ணமியைப் பார்த்து அசைன்மென்ட் அனுப்புங்கள்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கும், நமக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஜனம் நிரம்பும் இரவில் நம் ஊரில் சிக்னல் முழுசாகக் காட்டும், ஒரு படம்கூடப் போகாது. ஒரே டவரை அத்தனை போன்கள் பங்கு போட்டுக்கொள்வதுதான் காரணம். கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம். கல்லூரி நாள்காட்டியோடு பஞ்சாங்கத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, கடைசித் தேதி பௌர்ணமியில் விழுந்தால் இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். அனுப்பியதும் வரும் ஒப்புகைத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "அனுப்பினேன் சார், போகலை" என்பதை எந்தப் பேராசிரியரும் இரண்டாவது முறை நம்பமாட்டார்.

6. பாஸ்வேர்டை நட்புக்காகக் கொடுக்காதீர்கள்.

"உன் லாக்-இன் கொடு, நானே சப்மிட் பண்ணிடறேன்" என்பது அன்பாகத்தான் தொடங்கும். பிறகு அந்தக் கணக்கிலிருந்து எது போனாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். அடுத்தவர் பாஸ்வேர்டை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். கல்லூரிக் கணக்குக்கென்று தனிப் பாஸ்வேர்டு வையுங்கள். பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்தது வேண்டாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் அதையும் போட்டு வையுங்கள்.

நூலகக் கணக்கில் இன்னொரு எச்சரிக்கை. எல்லாப் புத்தகத்தையும் ஒரே இரவில் மொத்தமாக இறக்கப் பார்க்காதீர்கள். 2010-இல் அமெரிக்காவின் எம்ஐடி வளாக வலையமைப்பிலிருந்து ஒருவர் ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்தின் கட்டுரைகளைக் கொத்துக் கொத்தாக இறக்கினார். ஜேஸ்டோர் எம்ஐடி முழுவதற்குமே சில நாள் கதவைச் சாத்தியது. ஒருவர் செய்ததற்கு வளாகமே பட்டினி கிடந்தது.

7. கல்லூரி வைஃபையில் ஏறும்போது கவனியுங்கள்.

சில கல்லூரிகள் உங்கள் போனின் மேக் முகவரியை, அதாவது வைஃபையில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, பதிந்துகொண்டுதான் உள்ளே விடும். இப்போதைய போன்கள் பாதுகாப்புக்காக ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு போலி மேக் முகவரியைக் காட்டுகின்றன. நேற்று வேலை செய்த வைஃபை இன்று மறுத்தால் பெரும்பாலும் கோளாறு அங்கேதான். வைஃபை அமைப்புக்குள் போய், கல்லூரி இணைப்புக்கு மட்டும் 'போன் மேக்' அல்லது 'டிவைஸ் மேக்' என்று மாற்றுங்கள். பொது இடத்து வைஃபைக்கு மாற்றாதீர்கள்.

எடுரோம் என்ற பெயரை எங்காவது பார்த்தால் விடாதீர்கள். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் தொடங்கிய பொது வைஃபை ஏற்பாடு. இந்தியாவில் அதை எர்நெட் நிறுவனம் நடத்துகிறது. உங்கள் கல்லூரி அதில் உறுப்பினராக இருந்தால், கருத்தரங்குக்காகப் போகும் இன்னொரு உறுப்பு நிறுவனத்திலும் உங்கள் சொந்தக் கல்லூரிக் கணக்கே வேலை செய்யும், வெளிநாட்டிலும்கூட.

வளாக வைஃபையில் எந்தக் கணக்கு எந்த நேரத்தில் எங்கே போனது என்ற பதிவு இருக்கும். போன் உங்களுடையது, பாதை அவர்களுடையது. வீட்டில் பார்க்க வேண்டியதை வீட்டு டேட்டாவில் பாருங்கள்.

8. ஜெராக்ஸ் கடையில் லாக்-இன் செய்யாதீர்கள்.

ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்கப் போய், கடைக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்து, பஸ் வந்துவிட்டது என்று அப்படியே விட்டு ஓடும் பிள்ளைகள் உண்டு. வாட்ஸ்அப் வெப்பும் அப்படித்தான் திறந்து கிடக்கும். வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கி, அதை மட்டும் கடைக்காரருக்கு அனுப்புங்கள். வேறு வழியில்லாமல் திறந்துவிட்டால், போனில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து அந்தக் கணினியை நீக்குங்கள். மின்னஞ்சலிலும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். கடையில் செருகிய பென்டிரைவை வீட்டு லேப்டாப்பில் போடும் முன் வைரஸ் சோதனை செய்யுங்கள்.

9. தமிழை யூனிகோடில் தட்டெழுதுங்கள்.

வீட்டில் பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரை, பேராசிரியர் கணினியில் திறந்தால் கோணல் மாணலாக ஆங்கில எழுத்தாக நிற்கும். அந்த எழுத்துரு அங்கே இல்லாததுதான் காரணம். யூனிகோடில் அடித்தால் எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள், போனிலும் கிடைக்கிறது. அனுப்பும்போது வேர்டு கோப்போடு பிடிஎஃப்-ஐயும் சேர்த்து அனுப்புங்கள்.

10. கருவியைச் சுத்தமாக வைத்திருங்கள். தொலைந்தால் உடனே ஓடுங்கள்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த பழைய லேப்டாப் இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. அதனால் அந்தப் பழைய கருவிக்கு லினக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. நம் நாட்டின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. கட்டுரை அடிக்க லிப்ரே ஆஃபிஸ் இலவசம். கடையில் நூறு ரூபாய்க்குப் போட்டுத் தரும் திருட்டு விண்டோஸோடு என்னென்ன கூட வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது.

உதவித்தொகை வந்திருக்கிறது, இந்தச் செயலியை இறக்கு என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு வந்தால் தொடாதீர்கள். எந்த அரசுத் துறையும் உதவித்தொகையை அப்படிக் கொடுப்பதில்லை. பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். கல்லூரிச் செயலியோ மின்னஞ்சலோ 'டிவைஸ் அட்மின்' அனுமதி கேட்டால் படித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். சில அமைப்புகளில், போனில் உள்ளதை தூரத்திலிருந்தே அழிக்கும் அதிகாரம் அதற்குள் இருக்கும்.

போனின் ஐஎம்இஐ எண்ணை *#06# அடித்துப் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். திருவிழாக் கூட்டத்தில் போன் தொலைந்தால், முதலில் வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து சிம்மை நிறுத்தி, அதே நம்பருக்குப் புது சிம் வாங்குங்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தப் போனை முடக்குங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. திருடனுக்குப் போனைவிட உங்கள் ஓடிபி பெரிது.

11. வெளியேறும் நாளை இப்போதே நினையுங்கள்.

கல்லூரி மின்னஞ்சல் கல்லூரியின் சொத்து. படிப்பு முடிந்ததும் பல கல்லூரிகள் அதை மூடிவிடும். உள்ளே இருக்கும் புராஜெக்ட், படங்கள், கடிதங்கள் எல்லாம் அதோடு போகும். ஸ்வயம், என்பிடெல் போன்ற சான்றிதழ்ப் படிப்புகளுக்குச் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். கல்லூரி முகவரிதான் வேண்டும் என்றால், சான்றிதழ் வந்த அன்றே இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கரில் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பருவமும் பாருங்கள். பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் படிக்கும்போதே திருத்திவிடுங்கள். வேலைக்குப் போன பிறகு இதற்காக அலைவது பெரும் பாடு.

பதினொன்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. நாளைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். கல்லூரி நூலகரிடம் போய், "ஐயா, எனக்கு என்-லிஸ்ட் கணக்கு வேண்டும்" என்று கேளுங்கள். நம் கல்லூரியில் அது இல்லை என்றால், முதல்வருக்கு வகுப்பே சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் திண்ணைக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.