நாலு மணிக்கு எழும்பினால் நேரம் கூடுமா?

வேலைக்குப் போகும் பெண்களுக்கு நேரத்தைப் பற்றிப் புத்தி சொல்லாத வார இதழ் கிடையாது. சொல்வதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மிஞ்சுவது ஒரே குற்றச்சாட்டு: உனக்கு ஒழுங்காகத் திட்டமிடத் தெரியவில்லை. கண்டியிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் நான் பார்க்கும் பெண்களுக்கு இது கொஞ்சமும் பொருந்தாத பேச்சு. கட்டுகஸ்தோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஏழரைக்குள் பாடசாலை வாசலை மிதிக்கும் ஆசிரியைக்கும், கொழும்பு வீதியில் புடைவைக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் பிள்ளைக்கும், கலஹாப் பக்கம் மலையேறிக் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கும் நிமிடக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தரப்படும் கணக்குத்தான் பிழை. அதிகம் கேட்கும் சில நம்பிக்கைகளை எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பினால் ஒரு மணித்தியாலம் மிச்சம்

அந்த ஒரு மணித்தியாலம் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. வளர்ந்தவர்களுக்கு இரவில் குறைந்தது ஏழு மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அக்கடமியும் தூக்க ஆய்வுச் சங்கமும் 2015இல் கூட்டாக அறிவித்தன. நம் வீட்டுக் கணக்கோ வேறு. பிள்ளையின் வீட்டுப்பாடம், இரவுச் சாப்பாடு, பாத்திரம், சீருடை எல்லாம் முடிந்து படுக்கும்போது பதினொன்று. நாலரைக்கு அலாரம். ஐந்தரை மணித்தியாலம். இதில் இன்னும் ஒன்றைக் குறைக்கச் சொல்வது ஆலோசனையா?

நாலரைக்கு எழும்பி என்ன நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். தேங்காய் துருவிப் பால் பிழிய வேண்டும். பருப்பு ஒரு அடுப்பில், சோறு ஒரு அடுப்பில். காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி தட்டிச் சம்பல் இடிக்க வேண்டும். பகலுக்கு மூன்று பேருக்குப் பார்சல், அதில் கறி மூன்றுக்குக் குறைந்தால் ஒரு முகம் கோணும். கண்டிக் குளிரில் பிள்ளைக்கு முகம் கழுவச் சுடுதண்ணீர் வேறு. முந்தி எழும்பினால் கிடைக்கும் நேரத்துக்குள் இன்னொரு கறி நுழைந்துவிடுகிறது. பெண்ணுக்கு என்று எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆகவே மாற்ற வேண்டியது எழும்பும் நேரத்தை அல்ல, படுக்கும் நேரத்தை. பத்து மணிக்குப் படுப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள், அதற்குள் அடங்காத வேலையை வெட்டுங்கள். வெட்டுவதற்கு ஆகச் சுலபமானது மூன்றாவது கறி. சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, தொட்டுக்கொள்ள ஒரு சம்பல் போதும். அடுத்தது, வெங்காயம், மிளகாய், மரக்கறி வெட்டும் வேலை. அது இரவு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் கைக்குப் போகட்டும். வீட்டில் கடைசியாக விளக்கை அணைப்பவரும் முதலில் விளக்கைப் போடுபவரும் ஒரே ஆளாக இருந்தால், அந்த வீட்டில் ஏதோ பிழை இருக்கிறது. தொடர்ந்து தூக்கம் குறைந்தால் இரத்த அழுத்தமும் நீரிழிவும் வரும் வாய்ப்பு ஏறும் என்பது மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. கிளினிக் வரிசையில் போகும் நாட்களையும் நேரக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

நம்பிக்கை: பெண்களால் ஒரே நேரத்தில் பத்து வேலை செய்ய முடியும்

பாராட்டுப் போலத் தோன்றும் இந்தப் பேச்சு வேலையைத் தலையில் கட்டுவதற்கான வழி. மூளை இரண்டு கவன வேலைகளை ஒன்றாகச் செய்வதில்லை, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் நேரம் செலவாகிறது என்பதை ரூபின்ஸ்டைன், மேயர், எவன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில் அளந்து காட்டினார்கள். அடுப்பில் சோறு வேகும்போது துணி மடிக்கலாம், அதற்குக் கவனம் வேண்டாம். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தபடி அலுவலகக் கடிதத்துக்குப் பதில் எழுதினால் இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

நம்பிக்கை: மெஷின் வாங்கினால் வேலை குறையும்

உடம்பு நோவு குறையும், அதில் சந்தேகமில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் போனதற்கு நான் வருந்துபவள் அல்ல. நேரம் குறைந்ததா என்பது வேறு கேள்வி. ஜோன் வனெக் என்ற ஆய்வாளர் 1974இல் அமெரிக்கக் குடும்பங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். 1920களில் முழுநேர இல்லத்தரசி வாரத்துக்கு ஏறத்தாழ 52 மணித்தியாலம் வீட்டு வேலை செய்தாள். சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் வந்துவிட்ட 1960களில் அது 55 ஆகியிருந்தது. காரணம் எளிது. துணி துவைப்பது சுலபமானதும் துணி அடிக்கடி துவைக்கப்பட்டது. முன்பு வெளியாள் செய்த சலவையும் வீட்டுக்குள் வந்து அம்மாவின் வேலையானது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

நம் ஊரில் இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது, எரிவாயுவும் கிடைக்கவில்லை. மெஷின்கள் ஊமையாகி நின்றன. வரிசையில் நின்றதும், விறகு தேடியதும், அம்மியைத் திரும்பக் கழுவி எடுத்ததும் பெரும்பாலும் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே வாங்கும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை இயக்கப்போவது யார்? சலவை இயந்திரத்தில் துணி போட்டு, எடுத்து, மழை வருமுன் காயப்போட்டு, மடிப்பது வரை மகனின் பொறுப்பு என்று வைத்தால் அந்த மெஷின் உங்களுக்கு நேரம் தரும்.

இடியப்பம் கடையில் வாங்குவதைக் குற்றமாக நினைக்கும் பெண்களும் இருக்கிறார்கள். வாங்குங்கள். விடியற்காலையில் பிழிந்து விற்பவளும் ஒரு பெண் என்பதை மறக்காமல், பேரம் பேசாமல் வாங்குங்கள்.

நம்பிக்கை: ஒரு நல்ல அட்டவணை போட்டு ஒட்டினால் எல்லாம் சரியாகும்

கண்டியில் உங்கள் அட்டவணையை எழுதுவது நீங்கள் மட்டும் அல்ல. மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. கட்டுகஸ்தோட்டை, பேராதனை, குண்டசாலை என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வீதிகள் வாவியோரத்தில் வந்து நெரிகின்றன. 1998 ஜனவரியில் தலதா மாளிகையில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பின் அதற்கு முன்னால் போகும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டு, அந்த வாகனங்களெல்லாம் வாவியின் மறுகரையால் போகத் தொடங்கின. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. அதன் விலையை நிமிடங்களாகக் கட்டிவருவது பஸ் நிலையத்துக்கு வேளைக்குப் போய்ச்சேரப் பார்க்கும் சனம். பெரஹரா காலத்தில் நகரப் பாடசாலைகள் மூடப்படுகின்றன, தாயின் வேலைத்தளம் மூடப்படுவதில்லை. 2025 ஏப்ரலில், புனிதப் பல்லைச் சனம் வணங்கக் காட்சிக்கு வைத்த தலதா வந்தனை நடந்த நாட்களில் ஊரே அசையாமல் நின்றது.

ஆகவே அட்டவணை போடுவதானால், பஸ் சீக்கிரம் வந்த நாளை வைத்துப் போடாதீர்கள், மோசமான நாளை வைத்துப் போடுங்கள். இரண்டு வேலைக்கு நடுவில் வெற்றிடம் விடுங்கள். நிரம்பி வழியும் அட்டவணை ஒரு மழைக்கே குலைந்துவிடும். மாலையில் திரும்பும் நேரத்தை மாமியாரிடம் ஐந்தரை என்று சொல்லி ஆறரைக்கு வந்து திட்டு வாங்குவதைவிட, ஆறரை என்றே சொல்லிவிடுவது மேல்.

இன்னும் பெரிய ஓட்டை பகலில் இருக்கிறது. அரசாங்கப் பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. அரசாங்க அலுவலகம் நாலேகாலுக்கு முடிகிறது. கடை அதையும் தாண்டி ஓடுகிறது. இந்த இடைவெளியை எந்தத் தாயாலும் திட்டமிட்டு மூட முடியாது. ஊரே சேர்ந்து போட்ட இடைவெளி அது. பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புவதற்குப் பாதிக் காரணம் படிப்பு, மறுபாதி அவனைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பது. எனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் ஒரு வழி கண்டிருக்கின்றன. ஒரு குடும்பத்தில் ஓய்வுபெற்ற தாத்தா, இன்னொன்றில் ஆசிரியை, மூன்றாவதில் மாறுநேர வேலை பார்க்கும் அப்பா. கிழமை நாட்களைப் பிரித்துக்கொண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே வீட்டில் பார்க்கிறார்கள். யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தாத்தாவையும் அப்பாவையும் கணக்கில் சேர்த்ததால்தான் அது நடக்கிறது. மூன்று அம்மாக்கள் மட்டும் பிரித்திருந்தால் ஒரு மாதம் தாங்கியிருக்காது.

நம்பிக்கை: இப்போதைய ஆண்கள் நன்றாக உதவுகிறார்கள்

இலங்கையின் முதலாவது தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையிலும் பராமரிப்பிலும் ஈடுபடும் பெண்கள் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர், ஆண்கள் ஆறு பேர். ஆறு குறைவில்லையே என்று தோன்றலாம். ஒரு நாளில் கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வந்தவரும் அந்த ஆறுக்குள் சேர்த்தி.

“என்ன வாங்கணும்னு சொல்லு, வாங்கிட்டு வாரேன்.” நல்ல மனிதர் சொல்லும் பேச்சுத்தான். ஆனால் வீட்டில் என்ன தீர்ந்துபோனது என்று பார்ப்பது, எதை எங்கே வாங்குவது என்று முடிவு செய்வது, வாங்கி வந்தாரா என்று கேட்பது எல்லாம் அவள் தலையிலேயே இருக்கிறது. அலிசன் டமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019இல் இந்தத் தலைவேலையை நான்காகப் பிரித்துக் காட்டினார்: வரப்போவதை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவன் மனைவி இருவரும் பங்கெடுக்க, முன்னுணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்ணிடம் தங்கிவிடுவதை அவர் கண்டார்.

ஆகவே உதவி கேட்காதீர்கள், துறையையே ஒப்படையுங்கள். மின்சாரக் கட்டணம், அப்பாவின் கிளினிக் கொப்பியும் மருந்தும், ஸ்கூல் வேன்காரரோடு பேசுவது என்று எதையாவது முழுதாகக் கொடுங்கள். நினைவுபடுத்தும் வேலையும் அதனோடு சேர்ந்து போகட்டும். முதல் மாதம் ஏதாவது தவறும். அவர் வாங்கும் பருப்பு நீங்கள் வாங்கும் பருப்பாக இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள், திரும்பப் பிடுங்கினால் அது ஆயுசுக்கும் உங்களுடையது.

நம்பிக்கை: தோட்டத்தில் ஆணும் பெண்ணும் சமம்

சம்பளத்தில் 1984இலிருந்து சமம். அதுவரை ஒரே தோட்டத்தில் ஒரே நாள் உழைத்த பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவாகவே கொடுத்தார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை இந்தக் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரையில் முதல் வணிகத் தேயிலையை நட்டதிலிருந்து கணக்குப் பார்த்தால், நூற்றுப்பதினேழு ஆண்டுகள் சென்றுதான் அந்த நீதி வந்தது. நேரத்தில் நீதி இன்னும் வரவில்லை.

காலையில் பேர் பதியும் பிரட்டுக்கு இருவரும் ஒன்றாகவே போகிறார்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும், தண்ணீர்க் கான் வெட்டும், மருந்தடிக்கும் ஆணுக்குப் பல இடங்களில் கணக்கு வேலை. கொடுத்த கணக்கு முடிந்தால் பகல் இரண்டு மணியளவில் லயத்துக்கு வந்துவிடலாம். கொழுந்தெடுக்கும் பெண் கடைசி நிறுவை முடியும் வரை மலையில் நிற்கிறாள். நாலரை, ஐந்து ஆகும். நாள் சம்பளத்துக்கு அவளுடைய பேர் விழுவது கிலோக் கணக்கில்: மழை நாளில் கொழுந்து கனக்கிறது, தண்ணீருக்கென்று கிலோவைக் கழிக்கிறார்கள், காய்ந்த மாதத்தில் கொழுந்தே இல்லை. பகல் இடைவேளையில் இறங்கி வந்து பிள்ளைக்குச் சோறு கொடுத்து, பைப்பில் தண்ணீர் பிடித்து வைத்து, தான் நின்றபடி சாப்பிட்டுத் திரும்ப ஏறுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று எழுதியிருக்கும். அன்று விறகும் துணியும் காத்திருக்கின்றன, கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களும் உண்டு. இந்தப் பெண்ணிடம் போய் நேர முகாமைத்துவம் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

அவளுக்கு உரிய நேரம் சிலது சட்டத்திலேயே இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. இது கங்காணி இரங்கிக் கொடுப்பதல்ல, உரிமை. எடுக்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர், கிலோ குறைந்துவிடும் என்ற பயத்தில். தோட்டத் தலைவிமார் இதைத் தொழிற்சங்கக் கூட்டத்தில் எழுப்ப வேண்டும், இடைவேளை எடுத்த தாயின் கிலோக் கணக்கை அதற்கேற்பக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சட்டமோ சங்கமோ தேவைப்படாத மாற்றம் ஒன்றும் இருக்கிறது. இரண்டு மணிக்கு வேலை முடித்து வரும் அப்பா, பிள்ளைக் காம்பராவில் இருக்கும் தன் பிள்ளையைத் தானே கூட்டிக்கொண்டு வரலாம். வரும் வழியில் பைப்பில் தண்ணீர் பிடிக்கலாம். ஐந்து மணிக்கு அவள் இறங்கி வரும்போது அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கலாம். சில லயங்களில் இளம் அப்பாமார் இதைச் செய்யத் தொடங்கியிருப்பதைப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக் கிழவி வாசலில் நின்று ஏதாவது சொல்வாள், சொல்லட்டும்.