எட்டு மணி நேரம் வெந்தும் வேகாத பீன்ஸ்

சென்ற மாதம் இரண்டாம் படிவ வகுப்பில் ஒரு மாணவி கை தூக்கினாள். "டீச்சர், எட்டு மணி நேரம் வெந்த பீன்ஸ் எப்படி விஷமாகும்?"

அவளுடைய அக்கா இங்கிலாந்தில் படிக்கிறார். அங்கே இப்போது இலையுதிர்காலம். பொழுது சுருங்கி, நவம்பரில் மாலை நாலரை மணிக்குள் இருட்டிவிடும். குளிரில் வீடு திரும்பும்போது சுடச்சுட ஏதாவது தயாராக இருந்தால் நன்றாக இருக்குமே என்று அக்காவும் மூன்று தோழிகளும் சேர்ந்து ஒரு ஸ்லோ குக்கர் வாங்கினார்கள். ஒரு நாள் காலையில், இரவு முழுக்க ஊறிய ராஜ்மா பீன்ஸ், வெங்காயம், தக்காளி, மசாலா எல்லாவற்றையும் அதில் போட்டு, குறைந்த சூட்டில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார்கள். மாலை ஆறு மணிக்குச் சாப்பிட்டார்கள். பீன்ஸ் கொஞ்சம் நறுக்கென்றுதான் இருந்ததாம். எட்டு மணிக்கெல்லாம் நால்வருக்கும் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. நள்ளிரவில்தான் அடங்கியது. மசாலா கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

பாவம், மசாலாமீது எந்தத் தவறும் இல்லை. அந்த மாணவியின் கேள்விக்கு விடை தேடினால் சமையலறையில் நடக்கும் பாதி அறிவியல் புரிந்துவிடும். இலையுதிர்காலத்தில் பிள்ளைகள் செய்யும் ஓர் அழகான கைவினைக்கும் அதே விடைதான் அடிப்படை. வாருங்கள், பார்க்கலாம்.

ஸ்லோ குக்கர் எப்படி வேலை செய்கிறது?

கனமான பீங்கான் பாத்திரம், அதைச் சுற்றி வெப்பமூட்டும் கம்பி, மேலே ஒரு கண்ணாடி மூடி. அவ்வளவுதான். மின்சாரக் கெண்டி சுமார் 2,000 வாட் திறனை இழுக்கும். நடுத்தர அளவு ஸ்லோ குக்கருக்கு 200 முதல் 300 வாட் போதும். ஆகவே சூடு மெல்ல மெல்ல ஏறுகிறது. மேலெழும் நீராவி மூடியில் குளிர்ந்து, நீராகி மீண்டும் உள்ளேயே விழுகிறது. குழம்பு வற்றாது, அடிபிடிக்காது.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் இர்விங் நாக்சன். அவருடைய தாயின் பூர்வீகம் லித்துவேனியா. அங்கே யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை மாலையே பீன்ஸும் இறைச்சியும் சேர்ந்த பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அணையும் அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே அது இரவு முழுவதும் வேகும். தாய் சொன்ன இந்தக் கதைதான் நாக்சனுக்குப் பொறி தட்டியது. 1936-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1940-ல் அது கிடைத்தது. 1971-ல் வேறொரு நிறுவனம் இதை 'கிராக்பாட்' என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்கு வீடு பரவியது.

நேரம் கொடுத்தால் நடக்கும் மாற்றம்

ஆட்டுக்கால் சூப்பை நினைத்துப் பாருங்கள். ஆறியதும் அது பாகுபோல் கெட்டியாகிவிடும். காரணம் கொலாஜன். தசை நார்களைக் கட்டிப் பிடித்திருக்கும் இணைப்புத் திசுவின் முக்கியப் புரதம் இது. மூன்று இழைகள் முறுக்கிய கயிறுபோல் இருக்கும். ஆடும் மாடும் அதிகமாக உழைக்க வைக்கும் கால் பகுதியில் இது மிகுதி. அதனால்தான் அந்த இறைச்சி மெல்ல முடியாமல் கடினமாக இருக்கிறது.

சுமார் 70 பாகை செல்சியஸுக்கு மேல், ஈரமான சூட்டில், இந்தக் கயிறு மெல்லப் பிரிந்து ஜெலட்டினாக மாறுகிறது. இது சில நிமிடங்களில் முடிகிற வேலை இல்லை. பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே ஸ்லோ குக்கருக்கு ஏற்றது விலை குறைந்த, கடினமான இறைச்சித் துண்டுகளே. மென்மையான கோழி நெஞ்சுப் பகுதியில் கொலாஜன் குறைவு. அதை எட்டு மணி நேரம் வைத்தால் சக்கைபோல் உலர்ந்துவிடும்.

காய்கறிகளைக் கட்டிப் பிடித்திருப்பது வேறொரு பொருள், பெக்டின். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பசைபோல் இருக்கும் கார்போஹைட்ரேட் வகை இது. பெக்டின் நன்றாக இளக 80 பாகைக்கு மேல் சூடு வேண்டும். அதனால் ஸ்லோ குக்கரில் ஒரு வேடிக்கையைக் காணலாம்: இறைச்சி வெந்த பிறகும் கேரட் கடினமாக இருக்கும். கேரட்டையும் உருளைக்கிழங்கையும் அடியிலும் ஓரத்திலும் போடச் சொல்வது இதனால்தான். அங்கேதான் சூடு அதிகம்.

பெக்டினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அமிலத்தில் அது எளிதில் பிரியாது. காரத்தில் சீக்கிரம் பிரியும். சாம்பாரில் பருப்பும் காயும் வெந்த பிறகே புளி ஊற்ற வேண்டும் என்று அம்மா சொல்வதில் இருப்பது இந்த வேதியியல்தான். அக்காவின் பாத்திரத்தில் முதலிலேயே தக்காளியைப் போட்டார்கள் அல்லவா? பீன்ஸ் நறுக்கென்று இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சூடு இருந்தால்தான் நடக்கும் மாற்றம்

இப்போது விஷத்துக்கு வருவோம். ராஜ்மாவில் 'பைட்டோஹேமக்ளூட்டினின்' என்ற புரதம் இருக்கிறது. லெக்டின் எனும் வகையைச் சேர்ந்தது. இது குடலின் உட்சுவர்ச் செல்களில் ஒட்டிக்கொண்டு செரிமானத்தைக் குழப்பும். சரியாக வேகாத நான்கைந்து பீன்ஸே போதும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தி தொடங்கும். பிரிட்டனில் 1970களிலும் 80களிலும் இப்படிப் பல சம்பவங்கள் பதிவாகின.

இந்தப் புரதத்தை அழிக்க வேண்டுமானால் அதன் வடிவத்தைக் குலைக்க வேண்டும். இதையே புரதத்தின் இயல்பிழப்பு என்கிறோம். முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மதியம் 35 பாகை வரை சூடு இருக்கும். அந்தச் சூட்டில் முட்டையைப் பகல் முழுவதும் வைத்திருந்தாலும் வெள்ளைக்கரு கெட்டியாகாது. கொதிநீரில் போட்டால் பத்து நிமிடத்தில் கெட்டியாகிவிடும். லெக்டினும் அப்படித்தான். கொதிநிலையில், அதாவது 100 பாகையில், அது நிமிடக் கணக்கில் அழியும். 75 பாகையில் அது அழியும் வேகம் மிகக் குறைவு. எட்டு மணி நேரமும் போதாது.

ஸ்லோ குக்கரில் சமைத்த சில உணவுகளின் உட்பகுதி 75 பாகையைத் தாண்டாமலேயே இருந்திருக்கிறது என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கையேடு. இன்னும் ஒரு செய்தியும் அதில் உண்டு: 80 பாகை வரை மட்டும் சூடாக்கினால், பச்சை பீன்ஸைவிட நச்சுத்தன்மை ஐந்து மடங்கு வரை கூடக்கூடும். அரைகுறைச் சூடு பச்சையைவிட மோசம்!

ஆகவே விடை இதுதான். கொலாஜன் போன்றவற்றை நேரம் கொடுத்து மாற்றலாம். லெக்டினுக்குத் தேவை உயர்ந்த சூடு. சூட்டுக்குப் பதிலாக நேரத்தைக் கொடுத்து ஏமாற்ற முடியாது.

பாதுகாப்பான வழி எளிது. ராஜ்மாவைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். புதிய நீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடுங்கள். அதன்பிறகு ஸ்லோ குக்கரில் போடலாம். டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே நன்கு வெந்தது. அதற்கு இந்தக் கவலை இல்லை.

ஒரு குடும்பத்துக்கான குளிர்காலக் குழம்பு

அக்காவுக்கு நானும் என் மாணவியும் எழுதி அனுப்பிய செய்முறை இது. இலையுதிர்காலத்தில் அங்கே பூசணி மலிவு. நான்கைந்து பேருக்குப் போதும்.

1. மேலே சொன்னபடி ஊறவைத்துக் கொதிக்கவைத்த ஒரு கோப்பை ராஜ்மா.
2. இரண்டு கேரட், இரண்டு உருளைக்கிழங்கு. சிறிய துண்டுகளாக நறுக்கி அடியில் பரப்பவும்.
3. அதன்மேல் ராஜ்மா, 400 கிராம் பூசணி, எலும்போடு அரை கிலோ கோழித் தொடை. கோழி உறைந்த நிலையில் இருக்கக் கூடாது. முதல் நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட வேண்டும்.
4. வதக்கிய வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், சீரகம், உப்பு, இரண்டு கோப்பை சுடுநீர்.
5. அதிகச் சூட்டில் நான்கு மணி நேரம், அல்லது குறைந்த சூட்டில் ஏழெட்டு மணி நேரம். இடையில் மூடியைத் திறக்காதீர்கள். ஒரு முறை திறந்தால் இழந்த சூட்டை மீட்க இருபது முப்பது நிமிடம் ஆகும்.
6. பீன்ஸை விரலால் நசுக்கிப் பாருங்கள். மசிந்தால் தக்காளி, எலுமிச்சைச் சாறு சேர்த்து மேலும் அரை மணி நேரம்.

கோழி உறைந்திருக்கக் கூடாது என்றது ஏன்? 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். ஏற்ற சூழலில் சில வகைகள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். உறைந்த கோழி இந்த எல்லையைக் கடக்க மணிக்கணக்கில் ஆகும். பழைய குழம்பைச் சூடுபடுத்தவும் ஸ்லோ குக்கர் வேண்டாம். அடுப்பில் கொதிக்க வையுங்கள்.

இலையின் எலும்புக்கூடு

இலையுதிர்காலத்தில் அங்குள்ள பிள்ளைகள் இலை பொறுக்கி மாலை கட்டுவார்கள், வாழ்த்து அட்டை செய்வார்கள். நாள் சுருங்கும்போது இலையில் பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் கரோட்டினாய்டுகள் தெரிகின்றன. சில மரங்களில் சிவப்பு அந்தோசயனின் புதிதாக உருவாகிறது.

நமக்கு இலையுதிர்காலம் இல்லை என்று யார் சொன்னது? தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டியைக் கேளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தின் வறண்ட மாதங்களில் பால்மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். பால் குறையும், பால்மரம் வெட்டுபவர்களின் வருமானமும் குறையும். அந்தப் பால்மர இலையிலும், அரச இலையிலும் ஓர் அருமையான கைவினை செய்யலாம். இங்கேயும் பெக்டின்தான் கதாநாயகன்.

இலையின் செல்களைப் பெக்டின் ஒட்டிவைத்திருக்கிறது. நரம்புகளை உறுதியாக்குவது லிக்னின். சூடான காரக் கரைசலில் பெக்டின் பிரியும். லிக்னின் தாக்குப் பிடிக்கும். எனவே சதை கழன்று நரம்பு வலை மட்டும் மிஞ்சும்.

தேவையானவை: முற்றிய பச்சை இலைகள் ஆறு, வாஷிங் சோடா இரண்டு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் நீர், இனிமேல் சமையலுக்குப் பயன்படுத்தாத எவர்சில்வர் பாத்திரம், மென்மையான பல்துலக்கி, ரப்பர் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். காரம் அதை அரிக்கும். பெரியவர் ஒருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும்.

1. சோடாவை நீரில் கரைத்து இலைகளைப் போட்டு, மிதமான தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வைக்கவும். நீர் வற்றினால் ஊற்றவும். சன்னலைத் திறந்து வைக்கவும்.
2. அடுப்பை அணைத்து நன்றாக ஆறவிட்டு, இலைகளைத் தண்ணீரில் அலசவும்.
3. தட்டில் பரப்பி, பல்துலக்கியால் மெல்லத் தட்டித் தட்டிச் சதையை நீக்கவும். தேய்த்தால் வலை கிழியும். சதை வராவிட்டால் மீண்டும் அரை மணி நேரம் கொதிக்க விடவும்.
4. செய்தித்தாளுக்கு இடையில் வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி இரண்டு நாள் உலரவிடவும்.

கிடைத்த வலையை அட்டையில் ஒட்டினால் வாழ்த்து மடல். கண்ணாடி ஜாடியைச் சுற்றி ஒட்டி, உள்ளே மின்கல விளக்கு வைத்தால் தீபாவளிக்கு அழகான விளக்கு.

அடுப்பே இல்லாமலும் இதைச் செய்யலாம். இலைகளைச் சாதாரண நீரில் சில வாரங்கள் ஊறவிட்டால், நுண்ணுயிர்களின் நொதிகள் பெக்டினைச் சிதைத்துவிடும். தேங்காய் மட்டையை ஊறவைத்துக் கயிறு திரிப்பவர்கள் நம்பியிருப்பதும் இந்த முறையைத்தான். ஆனால் ஜாடியை இறுக மூடி வையுங்கள். திறந்து வைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரத்தில் புதுக் கொசு பறக்கும். கைவினை செய்யப் போய் டிங்கியை வளர்த்துவிடக் கூடாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஒரே அளவு கேரட் துண்டுகளை மூன்று பாத்திரங்களில், தலா இரண்டு கோப்பை நீரில், பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். முதலாவதில் வெறும் நீர். இரண்டாவதில் இரண்டு மேசைக்கரண்டி புளிக்கரைசல். மூன்றாவதில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா. முள்கரண்டியால் குத்தி, எது மென்மை, எது கடினம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

1. இச்சோதனையின் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை?
2. 200 வாட் ஸ்லோ குக்கர் எட்டு மணி நேரத்தில் எத்தனை கிலோவாட் மணி மின்சாரம் பயன்படுத்தும்?
3. "மெதுவாகச் சமைத்தால் எல்லாம் வெந்துவிடும்." இக்கூற்றை மறுத்து நான்கு வரி எழுதுக.

போன வாரம் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. பீன்ஸ் மசிந்ததாம், நால்வரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்களாம். என் மாணவி அவருக்கு ஒரு வாழ்த்து மடல் அனுப்பியிருக்கிறாள். அதன் முகப்பில் ஒட்டியிருப்பது அவளே செய்த பால்மர இலை. உள்ளே ஒரே வரி: "முதலில் 30 நிமிடம் கொதிக்கட்டும், அக்கா."