மேய்ச்சலும் புல்வெளியும்

புல்வெளி ஒன்று பாழ்படின், அதற்குக் கால்நடைகளே காரணம் என்று நாம் எளிதில் முடிவு செய்கின்றோம். அவற்றை அறவே விலக்கிவிட்டால் அந்நிலம் செழித்து விடுமா? பரத்பூரில் நேர்ந்தது இதற்கு விடை பகரும்.

இராஜஸ்தான் மாநிலத்துப் பரத்பூர் நகரை அடுத்துள்ளது கேவலாதேவ் தேசியப் பூங்கா. ஏறத்தாழ 29 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய அவ்விடத்தில் ஆழமற்ற நீர்நிலைகளும் புல்வெளிகளும் மரச்செறிவுகளும் விரவியுள்ளன. குளிர்காலத்தில் தொலைநாட்டு நீர்ப்பறவைகள் அங்கு வந்து தங்கும். அண்டையூரார் நெடுங்காலமாகத் தம் எருமைகளை அங்கே மேய்த்து வந்தனர். மேய்ச்சலால் பூங்காவிற்குக் கேடு விளையும் என்று கருதிய அரசு, 1982ஆம் ஆண்டில் அதனைத் தடைசெய்தது. ஊரார் எதிர்த்தனர், பூசல் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் மாண்டன.

இவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற தடை, எண்ணிய பயனைத் தரவில்லை. தாவர நூலார் பாஸ்பாலம் என வழங்கும் புல்லினம் ஒன்று அங்கு உண்டு. ஈரநிலத்தில் வேரூன்றி நீரின்மேல் படரும் இயல்பினது அது. முன்னர் எருமைகள் நீருள் இறங்கி அதனை மேய்ந்து வந்தமையால், அஃது அளவோடு நின்றது. தடைக்குப் பின்னரோ, தடுப்பாரின்றி நீர்ப்பரப்பை மூடலாயிற்று. திறந்த நீர் குறையவே, அதனை நாடும் பறவைகளும் குறைந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பத்தாண்டுக் காலம் அங்கு ஆராய்ந்து, எருமைகளின் மேய்ச்சல் அந்நிலத்திற்கு வேண்டியதே என்று கண்டனர். பின்னர், ஊரார் புல்லை அறுத்துச் செல்ல இசைவு அளிக்கப்பட்டது. எருமையின் வாய் செய்த வேலையை மனிதரின் அரிவாள் செய்ய வேண்டியதாயிற்று!

இதன் காரணத்தை ஆராய்வோம். புல்லின் வளர்முனை பெரும்பாலும் தரையை ஒட்டியே இருக்கும். ஆதலின், நுனி மேயப்பட்டாலும் அது மீண்டும் தழைக்கும். மேய்வாரில்லையேல், உயர்ந்தோங்கும் வலிய புற்கள் சிறு பூண்டுகளின்மேல் நிழல் கவித்து அவற்றை நலியச் செய்யும். உலர்ந்த தாள்களும் அடுக்கடுக்காய்ப் படிந்து, புது முளைகள் தலையெடுக்கவொட்டாமல் மறைக்கும். ஓரினம் பெருகப் பலவினம் அருகும்.

இதனால், மேய்ச்சல் எங்கும் எப்போதும் நன்றே எனக் கொள்ளற்க. மிகுதியான மேய்ச்சலில் புல் வேரோடு மடியும். குளம்புகள் மிதித்து மண் இறுகும். மழைநீர் அம்மண்ணை அரித்துச் செல்லும். இளமரக் கன்றுகளும் பிழைப்பதரிது. இங்ஙனம் நலிந்த நிலத்தைச் சில ஆண்டுகள் அடைத்துக் காத்தல் இன்றியமையாததே.

எனவே, வேலியிடுமுன் அந்நிலத்தின் இயல்பையும், அதில் எவ்வுயிர் எதனை உண்டு வாழ்கின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அங்குத் தலைமுறை தலைமுறையாகக் கால்நடை மேய்த்தவர் கூறுவதையும் செவிமடுத்தல் வேண்டும். ஆராயாது செய்யும் காவல், காக்கக் கருதிய பொருளையே கெடுத்துவிடும்.