ரியூப்பில் மீன்பிடிப்போர் எதை உடுத்த வேண்டும்?

வயலை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்குக் குளத்து மீன் கறியாகவும் கைக்காசாகவும் உதவுகிறது. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று எமது குளங்களில் நிறைய உண்டு. தோணி வாங்க வசதியற்றோர் லொறி ரியூப்பில் காற்றடித்து, நடுவே கயிறு பின்னி, அதில் அமர்ந்து வலை போடுகின்றனர்.

தோணியில் இருப்பவர் நனைவதில்லை. ரியூப்பில் இருப்பவரின் கால்களோ மணிக்கணக்காக நீருக்குள் இருக்கின்றன. எனவே அவர் உடுத்திருப்பதும் வலையைப் போல ஒரு தொழிற்கருவியே. அதை எவ்வாறு தெரிவுசெய்வது என்று இப்பாடத்தில் பார்ப்போம்.

1. சாரம் வேண்டாம்

வயலில் சாரத்தை மடித்துக் கட்டி வேலை செய்து பழகியவர்கள் நாம். நீரில் அது அவிழ்ந்து கால்களைச் சுற்றும். வலையிலும் சிக்கும். அப்போது ரியூப் கவிழ்ந்தால் நீந்தத் தெரிந்தவரும் தத்தளிப்பார். தடித்த ஜீன்ஸும் நன்றன்று. அது நீரை உறிஞ்சிப் பாரமாகும், உலரவும் நாளாகும்.

2. பொருத்தமான உடை

விளையாட்டு வீரர்கள் அணியும் மெல்லிய பொலியெஸ்ரர் நீளக் காற்சட்டை நல்லது. அது நீரை அதிகம் பிடிக்காது, விரைவில் உலரும். அதன் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகிக் கட்டினால் அட்டை ஏறுவது குறையும். காலுக்குக் கன்வஸ் சப்பாத்து அணியுங்கள். செருப்பைச் சேறு இழுத்துவிடும். வெறுங்காலை முள்ளும் உடைந்த போத்தலும் வெட்டும்.

மேலுக்கு முழுக்கைச் சேட்டு வேண்டும். தூரத்திலிருந்து தெரியும் நிறமாக அது இருக்கட்டும். பெரிய பொத்தான், தொங்கும் நாடா என்பன வலைக்கண்ணில் மாட்டும். அவற்றை அகற்றிவிடுங்கள். வலை சுற்றினால் அறுப்பதற்கு, உறையிட்ட சிறு கத்தியொன்றை நெஞ்சளவில் கட்டி வையுங்கள். ரியூப்பின் வால்வு உடலைக் கீறாதவாறு அதைத் துணியால் சுற்றுங்கள்.

காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். குளத்து நீர் வெதுவெதுப்பாகத் தோன்றினாலும், மார்கழிக் காற்றில் நெடுநேரம் இருந்தால் உடல் விறைக்கும். நடுக்கம் தொடங்கினால் உடனே கரையேற வேண்டும். மாற்றுடை ஒன்றைக் கரையில் உலர்வாக வைத்திருங்கள்.

3. நீர்புகாக் காற்சட்டை

குளிர்நாட்டு ஏரிகளில் தூண்டில் போடுவோர் நெஞ்சுவரை வரும் நீர்புகாக் காற்சட்டை அணிவர். வெளிநாட்டு உறவினர் அதை அனுப்பினால் வாங்கலாமா என்று கேட்போர் உண்டு. தடித்த நியோப்பிரீன் வகை கடுங்குளிருக்கானது. எமது வெயிலில் அதற்குள் வியர்வையில் வெந்துபோவோம். மெல்லிய வகை பயன்படும். ஆனால் இடுப்பில் பட்டி இறுகக் கட்டியிருக்க வேண்டும். விழுந்தால் உள்ளே நீர் புகுவதை அது குறைக்கும்.

உள்ளே புகுந்த நீர் ஆளைக் கீழே இழுக்கும் என்பது சரியன்று. நீருக்குள் நீருக்குப் பாரமில்லை. ஆனால் நீந்துவதை அது கடினமாக்கும். கரையேறும்போது அத்தனை நீரையும் நீங்களே சுமக்க வேண்டிவரும். நீண்ட இறப்பர் பூட்ஸுக்கும் இது பொருந்தும்.

4. உடையால் தடுக்க முடியாதவை

எலி, மாடு ஆகியவற்றின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவுகிறது. கிருமி வெடிப்பு, காயம், நீரில் ஊறிய தோல் ஆகியவற்றின் வழியே உடலில் புகும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சல் இதுவே. காலில் புண் இருந்தால் அது ஆறும்வரை நீரில் இறங்காதீர்கள். காய்ச்சல், தசைநோ, கண் சிவத்தல் தோன்றினால் நீரில் வேலை செய்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். தாமாக வாங்கி விழுங்க வேண்டாம்.

முதலைக்கு எந்த உடையும் தடையாகாது. புதிய இடத்துக் குளத்தை நாம் அறியோம். ஊரவரிடம் விசாரித்த பின்பே இறங்க வேண்டும். முதலை உள்ள குளத்தில் ரியூப் வேண்டாம்.

5. உயிர்காப்பு அங்கி

ரியூப் வெடிக்கலாம், காற்றும் அதை அடித்துச் செல்லலாம். எனவே உடைகளில் முதலில் பணம் செலவிட வேண்டியது உயிர்காப்பு அங்கிக்கே. அது கிடைக்கும்வரை, மூடி இறுக்கிய 5 லீற்றர் வெற்றுக் கான்கள் இரண்டை அக்குள்களின் கீழ் உடலோடு கட்டலாம். ஒவ்வொன்றும் சுமார் 5 கிலோ பாரத்தைத் தாங்கும். ஆயினும் இது அங்கிக்கு ஈடன்று. தனியே போகவும் வேண்டாம்.

கலந்துரையாட:

1. எமது குளத்தில் இறங்குவோர் இப்போது எதை உடுத்துகின்றனர்? அதில் எதை முதலில் மாற்றலாம்?

2. நான்கு குடும்பங்கள் சேர்ந்து இரண்டு அங்கிகள் வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்த முடியுமா?