200 சொற்கள்: ஆங்கிலக் கட்டுரை வினாவுக்குக் குடும்பமாக ஆயத்தமாவோம்

"எங்களுக்கு ஆங்கிலத்தில ஒரு எழுத்தும் தெரியாது பாதர். புள்ள ஓ.எல். எழுதப் போறாள். நாங்க என்னத்தச் சொல்லிக் குடுக்கிற?"

கல்முனைப் பக்கத்தில் நாம் நடத்தும் மாலைக் கூட்டங்களில் தகப்பன்மார் எம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. காணியை விட்டு வந்து, கரையோரத்தில் வாடகை வீட்டிலோ உறவினர் வளவிலோ வாழ்ந்து, இன்னொருவரின் வட்டையில் கூலிக்குப் போகும் ஒரு தகப்பனின் கேள்வி. ஆங்கிலம் தெரியாத தாய் தகப்பனும் ஆங்கிலக் கட்டுரை வினாவுக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்யலாம் என்பதே எமது பதில். எவ்வாறு என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. வினாத்தாள் கேட்பது என்ன?

க.பொ.த. சாதாரண தர ஆங்கிலப் பாடத்தில் இரண்டு வினாத்தாள்கள் உண்டு. முதலாவதற்கு ஒரு மணித்தியாலம், இரண்டாவதற்கு இரண்டு மணித்தியாலம். பல ஆண்டுகளாக இருந்துவரும் அமைப்பின்படி, இரண்டாம் வினாத்தாளில் ஏறத்தாழ 100 சொற்களில் எழுதும் வினாவுக்கு 10 புள்ளிகளும், இறுதியாக வரும் 200 சொற்கள் கொண்ட வினாவுக்கு 15 புள்ளிகளும் உள்ளன. இறுதி வினாவில் கட்டுரை, பேச்சு, கடிதம், சஞ்சிகைக்கான ஆக்கம், தொடங்கிய கதையை முடித்தல் போன்றவற்றுள் சில தரப்படும். ஒன்றைத் தெரிந்து எழுதினால் போதும். அமைப்பில் மாற்றம் வந்துள்ளதா என்பதைப் பாடசாலை ஆங்கில ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண சித்திக்கு 35 புள்ளி வேண்டும். "கட்டுரை நமக்கு வராது" என்று இவ்விரு வினாக்களையும் வெறுமையாக விட்டுவரும் பிள்ளை, தொடங்கும் முன்பே 25 புள்ளிகளை இழந்துவிடுகிறது. உயர்தர வகுப்புக்குச் செல்ல ஆங்கிலச் சித்தி கட்டாயமில்லை என்பதாலும் பலர் இப்பாடத்தைக் கைவிட்டுவிடுகின்றனர். ஆனால் ஒலுவிலில் இருக்கும் எமது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே பொறியியல் போன்ற துறைகள் ஆங்கிலத்தில்தான் கற்பிக்கப்படுகின்றன. இன்று மூடும் கதவு ஐந்து வருடங்களின் பின் தேவைப்படலாம்.

2. மனனம் செய்த கட்டுரை ஏன் கைகொடுப்பதில்லை?

ஒரு மாலை வகுப்பில் மாணவி ஒருத்தி "என் பொழுதுபோக்கு" என்ற கட்டுரையைப் பிழையின்றி ஒப்புவித்தாள். முத்திரை சேகரிப்பதைப் பற்றிய கட்டுரை. "உன்னிடம் எத்தனை முத்திரை இருக்கிறது மகள்?" என்று கேட்டோம். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு முத்திரையும் இல்லை. ரியூசனில் கொடுத்த கட்டுரையைப் பாடமாக்கியிருக்கிறாள். அவ்வளவுதான்.

பின்னர் அவள் பாடசாலை விட்டு வந்து என்ன செய்கிறாள் என்று கேட்டோம். உம்மா தறியில் சாரம் நெய்யும்போது நூல் சுற்றிக் கொடுப்பாளாம். அதை எழுதச் சொன்னோம். பத்து வசனங்கள் எழுதினாள். நான்கில் பிழை இருந்தது. ஆனால் அந்தப் பத்தும் அவளுடையவை. அடுத்த கிழமை "என் தாயார்" என்ற தலைப்பைக் கொடுத்தோம். "நான் விரும்பும் கைத்தொழில்" என்றும் கொடுத்தோம். அதே பத்து வசனங்களைச் சிறிது மாற்றி இரண்டுக்கும் எழுதிவிட்டாள். முத்திரைக் கட்டுரையை அப்படி மாற்ற முடிந்திருக்காது.

பரீட்சையில் தலைப்புச் சற்றுத் திரும்பி வரும். பாடமாக்கியதை அப்படியே இறக்கிவைத்தால் "தலைப்புக்குப் பொருத்தமில்லை" என்று புள்ளி போய்விடும். இப்போது இவ்வாறான கட்டுரைகள் கைத்தொலைபேசியிலும் நிறைய வருகின்றன. மாதிரிக்கு வாசிக்கலாம். அதையே நம்பியிருக்கக் கூடாது.

3. எழுதுவதற்கு விடயம் எங்கே?

உங்கள் வீட்டில்தான். "நீரைப் பேணுவோம்" என்று ஒரு பேச்சு கேட்கப்பட்டால், நகரத்துப் பிள்ளை புத்தகத்தைத் தேட வேண்டும். உங்கள் பிள்ளை வாப்பாவைக் கேட்டால் போதும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், இங்கினியாகலையில் அணை கட்டி எழுந்த சேனாநாயக்க சமுத்திரம், வாய்க்கால் வழியே முறைப்படி வரும் தண்ணீர், கடைக்கோடி வயலுக்கு அது எட்டாத வருடங்கள், இரவில் வக்கடை காக்கப் போனது ஆகிய யாவும் உங்களுக்குத் தெரியும். அதைத் தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலமாக்குவது பிள்ளையின் வேலை.

இன்று இப்பரீட்சை எழுதும் பிள்ளை 2004 டிசம்பர் 26இல் பிறந்திருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன சுனாமியும், 1990இன் வன்செயலில் ஊரும் வயலும் விட்டு ஓடியதும், பிள்ளைக்கு உங்கள் வாய்வழியாக வந்த கதைகளே. ஆகவே அவளுக்கு நீங்கள்தான் புத்தகம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். துயரத்தை எழுதும்படி எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தாதீர்கள். சில வீடுகளில் பேசப்படாத இழப்புகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு வேலி, ஆடு, சந்தை, பெருநாள், வேளாண்மை வெட்டு என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. புள்ளியிடுபவர் இரக்கத்துக்குப் புள்ளி கொடுப்பதில்லை. தலைப்புக்குப் பொருத்தமான விடயம், ஒழுங்கு, சரியான மொழி ஆகியவற்றுக்கே கொடுக்கிறார்.

4. 200 சொற்களை எப்படி நிரப்புவது?

வயலை ஒரே பரப்பாக விட்டால் தண்ணீர் நிற்காது என்று வரம்பு கட்டுகிறோம். கட்டுரைக்கு வரம்பு பந்திதான். நான்கு பந்தி, ஒவ்வொன்றிலும் ஐந்து வசனம், ஒவ்வொரு வசனத்திலும் ஏறத்தாழ பத்துச் சொல். 200 வந்துவிட்டது. "நீரைப் பேணுவோம்" என்பதை இவ்வாறு பிரிக்கலாம்:

முதற் பந்தி: நீர் ஏன் தேவை? எங்கள் ஊருக்கு அது எங்கிருந்து வருகிறது?
இரண்டாம் பந்தி: நீர் வீணாவது எவ்வாறு? வீட்டிலும் வயலிலும் கண்டவை.
மூன்றாம் பந்தி: நீர் குறைந்த ஒரு போகத்தில் எங்கள் குடும்பத்துக்கு நடந்தது.
நான்காம் பந்தி: நாம் செய்யக்கூடிய இரண்டு மூன்று காரியங்கள்.

பேச்சு என்றால் தொடக்கத்தில் அதிபர், ஆசிரியர், நண்பர்களை விளித்து முடிவில் நன்றி கூற வேண்டும். கடிதம் என்றால் முகவரியும் திகதியும் வேண்டும். சஞ்சிகை ஆக்கம் என்றால் தலைப்பு வேண்டும். மறந்தால் கையிலிருந்த புள்ளி போகும்.

நேரமும் முக்கியம். இரண்டு மணித்தியாலத்தில் இறுதி வினாவுக்கு 35 நிமிடங்களை ஒதுக்கிவையுங்கள். தலைப்பைத் தெரிந்து குறிப்பெடுக்க 5 நிமிடம், எழுத 25 நிமிடம், திருத்த 5 நிமிடம்.

5. எமது பிள்ளைகள் அடிக்கடி விடும் நான்கு பிழைகள்

ஒன்று, சொல்லொழுங்கு. தமிழில் "நான் வயலுக்குப் போனேன்" என்கிறோம். ஆங்கிலத்தில் "நான் போனேன் வயலுக்கு" என்றே வரும். வினை நடுவில் நிற்கும்.

இரண்டு, எழுவாய். தமிழில் "போனேன்" என்றாலே யார் என்று விளங்கும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வசனத்திலும் யார் அல்லது எது என்பதை எழுதியாக வேண்டும்.

மூன்று, ஒருவரைப் பற்றி நிகழ்காலத்தில் எழுதும்போது வினையின் இறுதியில் வரும் 'எஸ்'. 'ஹீ கோ' அல்ல, 'ஹீ கோஸ்'.

நான்கு, காலம். நேற்று நடந்ததைத் தொடங்கினால் முடியும்வரை இறந்தகாலத்திலேயே போக வேண்டும். 'யெஸ்ற்றடே ஐ கோ' அல்ல, 'யெஸ்ற்றடே ஐ வென்ற்'.

திருத்தும் ஐந்து நிமிடத்தில் இந்நான்கையும் மட்டும் தேடினால் போதும். நீண்ட வசனம் எழுதி விழுவதைவிடக் குறுகிய வசனம் எழுதி நிற்பது நல்லது.

6. குடும்பம் செய்ய வேண்டியவை

பரீட்சைக்கு முன் பன்னிரண்டு கிழமைகள் இருக்கும்போதே தொடங்குங்கள். கிழமைக்கு ஒரு கட்டுரை. அதற்கு மேல் வேண்டாம்.

முதல் நாள், மஃரிபுக்குப் பிறகோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ, பிள்ளையுடன் இருந்து தலைப்பைக் கேளுங்கள். "யார்? எங்கே? எப்போது? ஏன்? பிறகு என்ன?" என்று தமிழில் ஐந்து கேள்வி கேளுங்கள். பதில்களைப் பிள்ளை கொப்பியில் குறித்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் நாள், மணிக்கூட்டைப் பார்த்து 35 நிமிடம் எழுதவிடுங்கள். அந்நேரத்தில் கடைக்கு அனுப்பாதீர்கள். தம்பி தங்கையைப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

மூன்றாம் நாள், எழுதியதைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்காத இடம் கட்டுரையிலும் குழப்பமாக இருக்கும். பின்னர் ஆசிரியரிடம் திருத்தக் கொடுக்கட்டும். திருத்தியதை மீண்டும் ஒருமுறை நன்றாக எழுதட்டும். ஆசிரியர் கிடைக்காத இடத்தில் பக்கத்து வீட்டு உயர்தர மாணவரை நாடலாம்.

பழைய வினாத்தாள்களைப் பாடசாலையில் கேட்டு வாங்குங்கள். வெட்டுக் காலத்தில் கை தேவைப்படும் என்பதை நாம் அறிவோம். ஆயினும் அந்தக் கிழமைகளில் பரீட்சைப் பிள்ளையை வயலுக்குக் கூப்பிடாதிருக்க முடிந்தால், அதுவும் ஒரு விதைப்புத்தான்.

7. பரீட்சைக்கு அப்பால்

இடம்பெயர்ந்த எமக்கு எழுத்து என்பது புள்ளி மாத்திரமல்ல. காணி அனுமதிப்பத்திரம், உறுதி, மனு, நட்டஈட்டுப் படிவம் என்று எத்தனை தாள்களில், வாசித்து விளங்காமலே கையொப்பம் வைத்திருக்கிறோம்! 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது எமது உரிமை. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. அதேவேளை, வேறு மொழியில் வரும் ஒரு தாளை வீட்டிலுள்ள பிள்ளை வாசித்து "வாப்பா, இதில் இப்படி இருக்கிறது, இப்போது கையொப்பம் வைக்க வேண்டாம்" என்று சொல்ல முடியுமானால், அது பெரும் பாதுகாப்பு.

யார், எங்கே, எப்போது, என்ன நடந்தது என்று ஒழுங்காக 200 சொற்களில் எழுதப் பழகிய பிள்ளை, தன் குடும்பத்தின் காணிக் கதையையும் ஒருநாள் ஒழுங்காக எழுதிக் கொடுக்கும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது வீட்டில் பிள்ளை படிப்பதற்கென்று ஒதுக்கிய நேரமும் இடமும் உண்டா?
2. நாம் விட்டுவந்த ஊரைப் பற்றிப் பிள்ளைக்கு இதுவரை என்ன சொல்லியிருக்கிறோம்?
3. நான்கு குடும்பங்கள் சேர்ந்து, கிழமைக்கு ஒரு மாலை ஓர் ஆசிரியரை அழைத்துக் கட்டுரைகளைத் திருத்துவிக்க எம்மால் முடியுமா? யார் வீட்டில், எந்த நாளில் தொடங்கலாம்?