இறக்கத்தில் இளகும் பிரேக்

கேள்வி: போடியிலிருந்து தினமும் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்கு பைக்கில் போய் வருகிறேன். 2017 மாடல், 150 சிசி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் இல்லை. சாயங்காலம் இறங்கும்போது முந்தலை நெருங்குவதற்குள் முன்பிரேக் லிவர் மெத்தென்று கைப்பிடி வரை வந்துவிடுகிறது. காலையில் பார்த்தால் பழையபடி இறுக்கம். பேட் புதிது. ஆயில் குறைந்தால் ஊற்றுவேன், மாற்றியதில்லை. வீட்டிலேயே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். ஆனால் மாற்றும்வரை அந்த வண்டியில் மலை இறங்காதீர்கள். தோட்ட ஜீப்பில் போய் வாருங்கள்.

சூட்டில் இளகி, ஆறினால் இறுகுகிறது என்றால் பெரும்பாலும் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட வருடக்கணக்கில் ஈரம் ஊறும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அது 155 வரை இறங்கிவிடலாம். 17 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக் பிடித்தபடியே இறங்கும்போது காலிப்பருக்குள் ஆயில் கொதித்துக் குமிழ் கட்டுகிறது. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். உங்கள் விரல் அப்போது அமுக்குவது பேடை அல்ல, அந்தக் குமிழை. ராத்திரி ஆறியதும் குமிழ் திரவமாகிவிடும். நீங்கள் ஊற்றிய புது ஆயில் மேலே டப்பாவிலேயே நிற்கிறது. கீழே கொதிப்பது பழசு.

டப்பா மூடியில் டாட் 3, டாட் 4 எது அச்சிட்டிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத பாட்டிலாக வாங்குங்கள். டாட் 5 வேறு வகை, சேர்க்கவே கூடாது. டேங்க்கின் மேல் ஈரத்துணி போர்த்துங்கள். இந்த ஆயில் பெயின்ட்டை அரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

காலிப்பர் நிப்பிளில் ரிங் ஸ்பேனரை (பெரும்பாலும் எட்டாம் நம்பர்) மாட்டி, அதன்மேல் தெளிவான டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள். லிவரை அமுக்கிப் பிடியுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் வந்ததும் மூடுங்கள். மூடிய பிறகுதான் லிவரை விட வேண்டும். முந்தி விட்டால் காற்றை உள்ளே இழுத்துவிடும். டப்பா வற்றினாலும் அதே கதிதான், ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை ஊற்றிக்கொண்டே இருங்கள். முதலில் வரக்காப்பி நிறத்தில் வரும். இளமஞ்சளாகத் தெளிந்து, டியூபில் குமிழே இல்லாமல் வந்தால் போதும். பழைய ஆயிலை ஓடையில் கொட்டாதீர்கள்.

லிவர் கல் மாதிரி நிற்க வேண்டும். அமுக்கிப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினாலோ, எங்காவது கசிந்தாலோ மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். சரியாக நின்றால் போடிக்குள் சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு மலையேறுங்கள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். அடுத்த ஆயில் மாற்றம் இரண்டு வருடத்தில். தேதியை டேங்க் கவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.